‘ஹேங் ஆன்’ என்றால் போனை வைக்கக் கூடாது

வேலைக்குச் சேர்ந்த புதிதில், இங்கிலாந்திலிருந்து பேசிய ஒரு வாடிக்கையாளர் பேச்சின் நடுவே "ஹேங் ஆன்" என்றார். எனக்கு ‘ஹேங் அப்’ தெரியும். போனை வைப்பது. ‘ஹேங்’ காதில் விழுந்தாயிற்று, இனி யோசிக்க என்ன இருக்கிறது என்று, மரியாதையாக "தேங்க்யூ சார்" சொல்லி போனை வைத்துவிட்டேன். அவர் சொன்னது "கொஞ்சம் இருங்க, இதோ வந்துடறேன்" என்று. ஏதோ காகிதத்தை எடுத்துவரப் போயிருக்கிறார். வந்து பார்த்தால் லைனில் ஆள் இல்லை. அன்று சாயங்காலம் மேலாளரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

இரண்டிலும் வினைச்சொல் ஒன்றுதான். வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிற குட்டிச் சொல்தான் வேறு. ஒன்று போனை வைக்கச் சொல்கிறது, மற்றொன்று வைக்காதே என்கிறது. பள்ளிக்கூடத்தில் நமக்கு வினைச்சொற்களை வண்டி வண்டியாகக் கொடுத்தார்கள். இந்த வால்களைப் பற்றி யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றாட ஆங்கிலம் பாதிக்கு மேல் இந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

முதலில் அந்த ‘ஹேங்’ விஷயத்தை முடித்துவிடுவோம். பழைய காலத்து டெலிபோன் சுவரில் மாட்டியிருக்கும். பக்கத்தில் ஒரு கொக்கி. பேசி முடித்ததும் ரிசீவரை அந்தக் கொக்கியில் மாட்டினால் அதன் கனத்தில் கொக்கி கீழே இறங்கி, இணைப்பு அறுந்துவிடும். ‘ஹேங் அப்’ என்றால் மேலே மாட்டு. கொக்கி போய்விட்டது, சொல் நின்றுவிட்டது. ‘ஹேங் ஆன்’ வேறு படம். கிளையைப் பிடித்துத் தொங்குகிறவனிடம் "பிடியை விடாதே, அப்படியே இரு" என்கிற மாதிரி. ‘ஆன்’ என்பது ஒட்டிக்கொண்டிருப்பது, தொடர்வது. ‘கேரி ஆன்’, ‘கோ ஆன்’ எல்லாவற்றிலும் அதே ‘ஆன்’தான். நடப்பது தொடரட்டும், நிறுத்தாதே.

சரி, இலக்கணம் கொஞ்சம். அட்வெர்ப், அதாவது வினையடை என்றதும் நமக்கு ‘ஸ்லோலி’, ‘குயிக்லி’ மாதிரி ‘லி’யில் முடிகிற சொற்கள்தான் நினைவுக்கு வரும். அப், டவுன், இன், அவுட், ஆன், ஆஃப், அவே, பேக் இவையும் வினையடைகளாக வேலை செய்யும். தமிழில் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. ‘வேகமாக ஓடினான்’ என்பதில் ‘வேகமாக’ வினையடை என்றால், ‘கீழே விழுந்தான்’ என்பதில் ‘கீழே’யும் அப்படித்தான். விழுந்தது எப்படி, எங்கே, எந்தப் பக்கம் என்று சொல்கிறது அல்லவா? வினையும் இந்த மாதிரி ஒரு வினையடையும் சேர்ந்து ஒரே சொல்லாக நடந்துகொள்ளும்போது ஆங்கில இலக்கணக்காரர்கள் அதை ‘ஃபிரேசல் வெர்ப்’ என்கிறார்கள். 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் எழுதியதன் வழியாகப் பரவிய பெயர் அது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி தனக்குச் சொன்ன பெயர் என்று அவரே எழுதியிருக்கிறார். பெயர் புதிதே தவிர, தலைவலி பழையது. 1755இல் தன் பெரிய அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் மிகப் பெரிய சிரமம் தருவது இந்தச் சேர்க்கைதான் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். ஆகவே, புரியவில்லை என்று நாம் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு என்பேன். ஆங்கிலத்தில் வினையின் வாலில் வினையடை வந்து செய்கிற வேலையை, நம் மொழியில் வினையின் வாலில் இன்னொரு வினை வந்து செய்கிறது. துணைவினை என்று படித்திருப்போம். ‘தின்றான்’ என்பதற்கும் ‘தின்றுவிட்டான்’, ‘தின்று தீர்த்தான்’ என்பதற்கும் என்ன வித்தியாசம்? இட்லி அதே இட்லிதான். ‘தீர்த்தான்’ வந்ததும் தட்டு காலி. ஆங்கிலத்தில் அந்தத் தட்டைக் காலி செய்வது ‘அப்’. ‘ஈட்’ என்றால் சாப்பிடு. ‘ஈட் அப்’ என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிடு. ‘டிரிங்க் அப்’ என்றால் குடித்து முடி. ‘யூஸ் அப்’ என்றால் பயன்படுத்தித் தீர்த்துவிடு. ‘டியர்’ என்றால் கிழி. ‘டியர் அப்’ என்றால் சுக்குநூறாகக் கிழித்துப் போடு. இங்கே எதுவும் மேலே போகவில்லை. மேல் என்ற பொருள் ‘முழுசாக’ என்று மாறிவிட்டது. குடத்தில் தண்ணீர் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மட்டம் மேலே ஏறி ஏறி விளிம்பைத் தொட்டால் நிறைந்துவிட்டது என்று பொருள். ‘ஃபில் அப்’. மேலே ஏறுவதும் முடிவதும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

‘டவுன்’ வேறு குணம். ‘ரைட் டவுன்’, ‘நோட் டவுன்’ என்றால் எழுதி வை, குறித்து வை. காற்றில் பறக்கிற பேச்சைக் கீழே இறக்கிக் காகிதத்தில் உட்காரவைப்பது. நம்முடைய ‘வை’ செய்கிற வேலைதான். வீடு எரிந்தால் ‘பர்ன் டவுன்’ என்பார்கள், காகிதம் எரிந்தால் ‘பர்ன் அப்’. வீடு எரிந்து தரைமட்டமாகிறது, காகிதம் எரிந்து ஒன்றுமில்லாமல் தீர்கிறது. ‘அவே’ என்றால் தூரம். ‘ரன் அவே’ ஓடிப் போ, ‘த்ரோ அவே’ தூக்கி எறி. அதே ‘அவே’ சில வினைகளோடு சேர்ந்தால் நிறுத்தாமல் செய்துகொண்டே இருப்பதைக் காட்டும். ‘சேட் அவே’ என்றால் நேரம் போவது தெரியாமல் பேசிக்கொண்டே இருப்பது.

இப்படி எல்லாமே படமாக விரிந்துவிடுமா என்றால், விரியாது. ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்வது. ‘புட்’டையும் ‘அப்’பையும் ‘வித்’தையும் எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் பொறுமை வராது. அதை அப்படியே விழுங்க வேண்டியதுதான். ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர் அகராதியை வைத்துக்கொண்டு தமிழ் கற்கிறார் என்று வையுங்கள். "அவன் என்னைப் போட்டுக் கொடுத்துட்டான்" என்பதை அவர் என்ன செய்வார்? எதைப் போட்டான், யாருக்குக் கொடுத்தான் என்று தேடிக்கொண்டிருப்பார். "சும்மா அடிச்சு விடுறான்" என்பதில் அடியும் இல்லை, விடுதலையும் இல்லை. ‘விட்டுக்கொடு’ என்பதில் ‘விடு’வும் ‘கொடு’வும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று பிறக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் ‘கிவ் இன்’. ‘கைவிடு’ என்பதற்கு ‘கிவ் அப்’. ‘பார்’ என்பதற்கு ‘லுக்’. ‘பார்த்துக்கொள்’ என்பதற்கு ‘லுக் ஆஃப்டர்’. குழந்தையைக் கவனிப்பதைப் பார்வையோடு முடிச்சுப் போட இரண்டு மொழிக்கும் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

படித்தவர்கள்கூட இதில் ஏன் தடுமாறுகிறார்கள் என்பதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு உட்கார்ந்துகொண்டது. தேவாலயத்திலும் படிப்பிலும் லத்தீன் இருந்தது. அடுப்படியிலும் வயலிலும் பழைய ஆங்கிலமே ஓடியது. அதனால் ஒரே காரியத்துக்கு இரண்டு சொல் கிடைத்தது. தள்ளிவைப்பதற்குக் கோட்டு போட்ட சொல் ‘போஸ்ட்போன்’, லுங்கி கட்டிய சொல் ‘புட் ஆஃப்’. தீயை அணைப்பதற்கு ஒன்று ‘எக்ஸ்டிங்விஷ்’, இன்னொன்று ‘புட் அவுட்’. பொறுத்துக்கொள்ள ‘டாலரேட்’, அல்லது நாம் மேலே பார்த்த ‘புட் அப் வித்’. விடுப்பு விண்ணப்பமும் கட்டுரையும் எழுதிப் பழகிய நமக்குக் கோட்டு போட்ட சொற்கள்தான் முதலில் வருகின்றன. அதனால் எழுத்தில் தேறிவிடுகிறோம், டீக்கடைப் பேச்சு மாதிரியான இடத்தில் மாட்டிக்கொள்கிறோம். வேடிக்கை என்னவென்றால், ‘போஸ்ட்போன்’ என்பதைப் பிரித்தால் லத்தீனில் ‘பின்னால்’, ‘வை’ என்றுதான் வரும். லத்தீன் முன்னால் ஒட்டியதை ஆங்கிலம் பின்னால் ஒட்டுகிறது, அவ்வளவுதான்.

இனி, நான் அடிக்கடி திருத்த நேர்கிற ஒரு விஷயம். "அதை எடு" என்பதை "பிக் அப் இட்" என்று சொல்கிறோம். ஆங்கிலக் காதுக்கு அது கல்லைக் கடித்த மாதிரி இருக்கும். "பிக் இட் அப்" என்றுதான் சொல்ல வேண்டும். பையை எடு என்றால் "பிக் அப் தி பேக்" என்றும் சொல்லலாம், "பிக் தி பேக் அப்" என்றும் சொல்லலாம், இரண்டும் சரி. ஆனால் பைக்குப் பதிலாக ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ மாதிரி குட்டிப் பெயர் வந்துவிட்டால் அது நடுவில்தான் உட்கார வேண்டும். ‘டர்ன் இட் ஆஃப்’, ‘த்ரோ தெம் அவே’, ‘கால் ஹிம் பேக்’. வாக்கியத்தின் கடைசி இடம் கனமான சொல்லுக்கு. ‘இட்’டுக்குக் கனம் கிடையாது, என்னவென்று ஏற்கெனவே தெரிந்த சங்கதி.

ஆனால் இந்த விதி வாலில் இருப்பது வினையடையாக இருந்தால்தான். அதே ‘அப்’ சில இடங்களில் வேறு வேஷம் கட்டும். "ஹி ரேன் அப் தி ஹில்" என்றால் மலைமேல் ஓடினான். "ஹி ரேன் அப் எ பில்" என்றால் செலவு செய்து பில்லை ஏற்றிவிட்டான். பார்க்க ஒரே அச்சு. முதலாவதில் ‘அப்’ மலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘மலைமேல்’ என்பதில் உள்ள ‘மேல்’ அது. அதை இலக்கணம் முன்னிடைச்சொல் என்கிறது. இரண்டாவதில் ‘அப்’ ஓட்டத்தோடு ஒட்டிவிட்டது. நகர்த்திப் பார்த்தால் தெரியும். "ஹி ரேன் எ பில் அப்" என்று சொல்லலாம். "ஹி ரேன் தி ஹில் அப்" என்று சொன்னால் சிரிப்பார்கள். அதேபோல ‘லுக் அட்’ என்பதில் ‘அட்’ வினையடை இல்லை. அதனால் ‘லுக் அட் இட்’ என்றுதான் வரும், ‘இட்’ நடுவில் ஏறாது. காதுக்கும் ஒரு சோதனை உண்டு. வினையடை என்றால் அழுத்தம் அதன்மேல் விழும். ‘லுக் அப்’ என்று சொல்லும்போது ‘அப்’ எடுப்பாகக் கேட்கும், ‘லுக் அட்’ என்பதில் ‘அட்’ கரைந்துபோகும். அன்றைக்கு என் வாடிக்கையாளரும் ‘ஆன்’ என்பதைத்தான் அழுத்திச் சொல்லியிருப்பார். நான் ‘ஹேங்’கோடு காதை மூடிக்கொண்டேன்.

இவ்வளவு தூரம் போவானேன், நாமே இந்தச் சேர்க்கைகளை டஜன் கணக்கில் தமிழுக்குள் இழுத்துப் போட்டிருக்கிறோம். மேக்கப், செக்கப், லாக்கப், பிக்கப், கெட்டப், லேஅவுட், கட்அவுட், பிரேக்கப், பில்டப். சாயங்காலம் படப்பிடிப்பு முடிந்தால் ‘பேக்கப்’. கம்ப்யூட்டர்காரர் கோப்புகளுக்கு நகல் எடுத்து வைப்பதும் ‘பேக்கப்’தான், ஆனால் அது வேறு வினை. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ‘செட்டப்’புக்கு நாம் ஏற்றிய அர்த்தத்தைக் கேட்டால் ஆங்கிலேயர் மிரண்டுவிடுவார். இவை எல்லாமே வினையும் வினையடையும் இறுகி ஒரு பெயர்ச்சொல்லாக ஆனவை. பெயராக ஆனதும் ஆங்கிலத்தில் அழுத்தம் முன்னால் போய்விடும், எழுத்திலும் இரண்டும் ஒட்டிக்கொள்ளும் அல்லது நடுவே ஒரு சிறு கோடு வரும். வினையாக இருக்கும்போது தனித்தனியாகத்தான் எழுத வேண்டும். ‘செட்அப்’ என்று சேர்த்து எழுதினால் ஏற்பாடு. ‘செட் அப்’ என்று பிரித்து எழுதினால் ஏற்பாடு செய். அலுவலக மின்னஞ்சல்களில் தினமும் இது தாறுமாறாக வருகிறது. எங்கள் ஆபீஸும் விதிவிலக்கு இல்லை. ‘மேக் அப்’ வினையாக வந்தால் முகப்பூச்சு மட்டும் இல்லை, இல்லாததைக் கட்டிச் சொல்வதும் அதுதான். நாமும் ‘கதை கட்டுகிறான்’ என்றுதானே சொல்கிறோம்.

நாமாக ஒட்டிக்கொண்ட வால்களும் சில இருக்கின்றன. ‘கோப் அப் வித்’ என்று நம் ஊரில் சொல்லாதவர் குறைவு. சமாளிப்பதற்கு வெறும் ‘கோப் வித்’ போதும். ‘கீப் அப் வித்’, ‘கேட்ச் அப் வித்’ என்று கேட்டுக் கேட்டு இதிலும் ஓர் ‘அப்’ ஏறிக்கொண்டது போல. ‘ரிட்டர்ன் பேக்’ என்பதில் ‘ரி’யிலேயே ‘திரும்ப’ இருக்கிறது, ‘நடுசென்டர்’ மாதிரிதான் இதுவும். ‘பாஸ் அவுட்’ கதை கொஞ்சம் வேறு. கல்லூரிப் படிப்பை முடித்ததை நாம் அப்படிச் சொல்கிறோம். பிரிட்டனில் ராணுவப் பயிற்சியை முடித்து வெளியே வருவதற்கு அந்தச் சொல் உண்டு. சென்னை பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் நடக்கிற ‘பாஸிங் அவுட் பரேடு’ அந்த வழியில் வந்ததுதான். ஆனால் சாதாரணப் பேச்சில் ‘பாஸ் அவுட்’ என்றால் மயங்கி விழுவது. "நான் 2012இல் காலேஜில் பாஸ் அவுட் ஆனேன்" என்று லண்டன்காரரிடம் சொன்னால், ரத்த அழுத்தமா என்று விசாரிப்பார்.

‘லி’ வகை வினையடைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அவை வினையோடு இறுகி ஒட்டுவதில்லை. ஆனால் ஜோடி பார்த்துத்தான் சேரும். தமிழில் அயர்ந்து தூங்குவோம், வாய்விட்டுச் சிரிப்போம், கண் கொட்டாமல் பார்ப்போம். அயர்ந்து சிரிக்க முடியாது. அதே மாதிரி ஆங்கிலத்தில் தூக்கத்துக்கு ‘சவுண்ட்லி’, மழைக்கு ‘ஹெவிலி’, ஒரேயடியாக மறுப்பதற்கு ‘ஃபிளாட்லி’. ‘ஃபிளாட்லி ரெஃப்யூஸ்ட்’. மழையை ‘ஸ்ட்ராங்லி’ என்று சொன்னால் புரியும், ஆனால் இடிக்கும். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது, ஜோடியாகவே மனசில் போட்டுக்கொள்ள வேண்டும். ‘ஐ பேட்லி நீட் எ காபி’ என்பதில் ‘பேட்லி’யைக் கண்டு பயப்படாதீர்கள். "பயங்கரமா பசிக்குது" என்று நாம் சொல்வதில் பயம் எங்கே இருக்கிறது? உண்மையிலேயே பயப்பட வேண்டியது ‘ஹார்ட்லி’க்குத்தான். என் சித்தப்பா பையன் வேலைக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் ‘ஐ ஹார்ட்லி வொர்க்’ என்று எழுதியிருந்தான். கடுமையாக உழைப்பேன் என்று சொல்ல நினைத்திருக்கிறான். அதற்கு ‘வொர்க் ஹார்ட்’ என்று எழுத வேண்டும். ‘ஹார்ட்’ அப்படியே வினையடையாக நிற்கும், ‘லி’ வேண்டாம். ‘லி’ சேர்த்தால் ‘வேலை செய்வதே அபூர்வம்’ என்று பொருள் வந்துவிடும். நேர்மையான விண்ணப்பம்தான். நல்லவேளை, அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினான்.

அவன்தான் போன வாரம் கேட்டான். "அண்ணா, ‘தி அலாரம் வென்ட் ஆஃப்’னா அலாரம் நின்னுடுச்சுன்னுதானே அர்த்தம்? படத்துல அதுக்கப்புறம்தான் சத்தமே கேக்குது."

நியாயமான கேள்வி. ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்றால் நிறுத்து. ‘கால் ஆஃப்’ என்றால் நடக்க இருந்ததை ரத்து செய். மழையில் மேட்ச் நின்றால் அப்படித்தான் சொல்வார்கள். ‘ஆஃப்’ என்றாலே நமக்கு அணைவதுதான். ஆனால் அலாரம் ‘கோ ஆஃப்’ ஆனால் அடிக்கிறது, துப்பாக்கி ஆனால் வெடிக்கிறது. ‘செட் ஆஃப்’ என்றால் கிளம்பு. பால் ‘கோ ஆஃப்’ ஆனால் கெட்டுப்போகிறது. எழுந்த கையோடு "தி அலாரம் வென்ட் ஆஃப், ஸோ ஐ டர்ன்ட் இட் ஆஃப்" என்று ஒரே மூச்சில் சொல்லலாம். முதல் ‘ஆஃப்’ அடிக்கிறது, இரண்டாவது ‘ஆஃப்’ நிறுத்துகிறது.

அடியில் இருக்கிற பொருள் ‘விலகுவது’. கரண்ட்டிலிருந்து விலகினால் விளக்கு அணையும். பிடித்து வைத்திருந்த ஸ்பிரிங் விலகினால் மணி அடிக்கும், குண்டு பாயும். வீட்டிலிருந்து விலகினால் பயணம். நல்ல நிலையிலிருந்து விலகினால் பால் திரியும்.

இதை அவனிடம் சொன்னபோது முகத்தில் நம்பிக்கை வரவில்லை. அப்புறம் ‘விடு’வைக் கேட்டேன். "எங்க ஊருக்குப் புதுசா பஸ் விட்டிருக்காங்க" என்றால் பஸ் ஓடுகிறதா, நின்றதா?

"ஓடுது."

"சிகரெட்டை விட்டுட்டேன்?"

"நிறுத்தியாச்சு."

"பட்டம் விட்டான்?"

"பறக்குது." கொஞ்சம் யோசித்துவிட்டு அவனே தொடர்ந்தான். "பள்ளிக்கூடம் விட்டாச்சுன்னா முடிஞ்சுது. அம்பு விட்டான்னா கிளம்பிடுச்சு... அப்ப ரெண்டுமே ஒரே விடுதான், இல்லண்ணா?"